ஃபிடோ டிடோ ஊரில் ஒரு சிவப்புப் பொட்டு

போன வருஷம் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு பழைய வீட்டைக் காலி பண்ணினார்கள். தொண்ணூறுகளில் அந்த வீட்டு மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடந்தது. நடத்தியவருக்கு இப்போது எழுபது வயசு தாண்டிவிட்டது. "தம்பி, நீ இந்தப் பழைய குப்பையெல்லாம் சேக்குற ஆளாமே, காயலான் கடைக்குப் போறதுக்குள்ள வந்து எடுத்துக்க" என்று ஆளனுப்பினார். போனேன். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்று. உள்ளே 41 ஃப்ளாப்பிகள். பெரியது, அதாவது 5.25 அங்குலம், 26. சின்னது 15. லேபிள்களில் பால்பாயின்ட் பேனா எழுத்து: வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ், கோபால். ஒன்றில் "கேம்ஸ் – யாரும் தொடக்கூடாது". தொடாமலா இருந்திருப்பார்கள்!

சின்ன ஃப்ளாப்பிகளில் இரண்டு மட்டும் ஒரு ரப்பர் பேண்டில் சேர்ந்திருந்தன. "கூல் 1/2", "கூல் 2/2". பார்த்ததும் எனக்கு என்னவென்று புரிந்துவிட்டது. இந்தக் கட்டுரை அந்த இரண்டு வட்டுகளைப் பற்றியது. நடுவில் வேறு கதைகளும் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூல் ஸ்பாட் என்பது விளையாட்டின் பெயர். வெர்ஜின் கேம்ஸ் கம்பெனி 1993இல் முதலில் சேகாவின் மெகா டிரைவ் பெட்டிக்காக வெளியிட்டது, அடுத்த வருஷம் டாஸ் கம்ப்யூட்டர்களுக்கும் வந்தது. இடமிருந்து வலமாக ஓடி, தாவி, ஏறி, எதிரியைச் சுட்டு முன்னேறும் ரகம். நாம் மாரியோ மாதிரி கேம் என்று சொல்வோமே, அதுதான். ஆனால் கதாநாயகன் ஆள் இல்லை, ஒரு சிவப்பு வட்டம். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைக் கையுறை, ஷூ. 7 அப் பாட்டிலில் '7'க்கும் 'அப்'புக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சிவப்புப் பொட்டுக்குக் கைகால் முளைத்திருக்கிறது, அவ்வளவுதான். கடற்கரையில் ஆரம்பிக்கும். நண்டுகள் கிள்ளும். கையிலிருந்து சோடாக் குமிழி பறக்கும். வழியெல்லாம் சிதறிக் கிடக்கும் புள்ளிகளைக் குறிப்பிட்ட அளவு சேர்த்தால்தான் கூண்டில் அடைபட்ட இன்னொரு பொட்டை விடுவிக்க முடியும். போனஸ் கட்டம் ஒரு பெரிய பாட்டிலுக்குள்ளேயே நடக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், காசு கொடுத்து வாங்கி, மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய ஒரு குளிர்பான விளம்பரம்.

இதை எழுதிய டேவிட் பெர்ரி அதற்கு முன்பு மெக்டொனால்ட்ஸுக்காக குளோபல் கிளாடியேட்டர்ஸ் என்று இன்னொரு விளம்பர விளையாட்டைச் செய்தவர். பின்னால் எர்த்வோர்ம் ஜிம் செய்து பெரும் பெயர் வாங்கினார். இசை டாமி டல்லாரிகோ. விளம்பரம்தானே என்று ஏனோதானோவென்று செய்யவில்லை இவர்கள். அந்தப் பொட்டு நின்றுகொண்டிருக்கும்போது செய்யும் சேட்டைகளைப் பார்த்தாலே தெரியும், ஒவ்வொரு படத்தையும் யாரோ பொறுமையாகக் கையால் வரைந்திருக்கிறார்கள். அந்தக் காலத்து விமர்சகர்களும் நன்றாகவே பாராட்டினார்கள்.

இதில் நம்மூருக்கு ஒரு சிக்கல். 7 அப் வியாபாரம் அமெரிக்காவுக்குள் ஒரு கம்பெனியிடமும், அமெரிக்காவுக்கு வெளியே பெப்சியிடமும் இருந்தது. இருவருக்கும் சின்னம் வேறு. அமெரிக்காவில் சிவப்புப் பொட்டு. வெளியே ஃபிடோ டிடோ. ஜோன்னா ஃபெரோன், சூ ரோஸ் என்ற இருவர் 1985இல் உருவாக்கிய, சுருள்முடியும் ஒல்லி உடம்புமாக இருக்கும் அந்தக் கோட்டுச்சித்திரப் பையன். தொண்ணூறுகளில் டீவி பார்த்தவர்களுக்கு அவனைச் சொல்லவே வேண்டாம். அம்பத்தூர் பெட்டிக்கடையில் 7 அப் என்றால் அவன்தான். ஆகவே கூல் ஸ்பாட் இங்கே வந்து சேர்ந்தபோது அது எதற்கான விளம்பரம் என்பதே யாருக்கும் தெரியவில்லை. சென்டரில் படித்த பையன்கள் அதை "பொட்டு கேம்" என்றார்கள். வெறும் விளையாட்டாகத்தான் விளையாடினார்கள். விளம்பரத்துக்காகப் போட்ட பணம் நம்ம ஊரில் முழுசாக வீண், விளையாட்டு மட்டும் லாபம்.

ஐரோப்பாவிலும் இதே பிரச்சினை இருந்தது. போனஸ் கட்டங்களில் ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்து ஒரு சொல்லை முடித்தால் கூடுதல் வாய்ப்பு கிடைக்கும். அமெரிக்கப் பதிப்பில் அந்தச் சொல் 'அன்கோலா', கோலா அல்லாதது என்று 7 அப் 1967 முதல் பயன்படுத்திய விளம்பர வார்த்தை. ஐரோப்பியப் பெட்டிகளுக்கு வந்த பதிப்பில் அதை எடுத்துவிட்டு 'வெர்ஜின்' என்று வெளியீட்டாளர் பெயரையே போட்டுவிட்டார்கள். ஒரே விளையாட்டு, இரண்டு விளம்பரம். பாதுகாக்கிறோம் என்று கிளம்பும்போது எதைப் பாதுகாப்பது என்ற கேள்வி இங்கேயே வந்துவிடுகிறது. கூல் ஸ்பாட் இணையத்தில் இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்டால், எந்தக் கூல் ஸ்பாட் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, இது அம்பத்தூருக்கு எப்படி வந்தது?

காசு கொடுத்து வாங்கி வரவில்லை. அதில் ஒளிவுமறைவு இல்லை. இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் வந்த வழியைப் பார்த்தால் புரியும். அம்பத்தூர் தொழிற்பேட்டை அறுபதுகளில் உருவானது. டன்லப், டி.ஐ. சைக்கிள்ஸ், அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சின்ன லேத்துப் பட்டறைகள். அந்தப் பக்கம் ஆவடியில் விஜயந்தா டாங்கி செய்த கனரக வாகனத் தொழிற்சாலை, அதன் குடியிருப்புகள். எண்பதுகளின் கடைசியில் இந்த யூனிட்டுகளில் சம்பளக் கணக்கும் ஸ்டாக் கணக்கும் கம்ப்யூட்டருக்கு மாற ஆரம்பித்தன. டிபேஸ் தெரிந்த பையனுக்கு வேலை உண்டு என்ற பேச்சு பரவியதும் சி.டி.எச். ரோடு நெடுக மாடிக்கு மாடி சென்டர் முளைத்தது. பூந்தமல்லியிலும் அப்படித்தான். பெரிய பெயர் வாங்கிய கம்பெனிகளின் கிளைகள் ஒருபக்கம், இரண்டு மெஷினும் ஒரு ஏ.சி.யும் வைத்த குடும்ப சென்டர்கள் இன்னொரு பக்கம். ஏ.சி. மெஷினுக்கு, நமக்கில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அந்த மெஷின்களில் பாதி கறுப்பு வெள்ளை மானிட்டர். வண்ணம் கேட்கும் விளையாட்டுகளை ஹெர்குலிஸ் கார்டில் ஓட்ட சிம்சிஜிஏ என்று ஒரு குட்டி நிரல் இருந்தது. அதை முதலில் ஓட்டிவிட்டு அப்புறம் கேமைத் தட்ட வேண்டும். டிகிரி படித்தவர்களுக்குத் தெரியாத இந்த வித்தை ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்திருந்தது.

சாஃப்ட்வேர் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து. எலெக்ட்ரிக் ட்ரெயினில் சென்ட்ரல் போய் அங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டை வழியாக நடை. காலி ஃப்ளாப்பி ஒரு பெட்டி வாங்கினால் கடைக்காரரே எதையாவது காப்பி பண்ணித் தருவார். ஒரு வட்டில் அடங்காத விளையாட்டை ஏ.ஆர்.ஜே. என்ற சுருக்கு நிரலால் அழுத்தி, வட்டுக்கு 1.44 எம்பி என்று வெட்டி அடுக்குவார்கள். முதல் துண்டு ஏ.ஆர்.ஜே. என்று முடியும், அடுத்தது ஏ01, அதற்கடுத்தது ஏ02. இதில் ஒரு துண்டு போனாலும் மொத்தமும் போச்சு. வீட்டுக்கு வந்து விரித்துப் பார்க்கும்போது கடைசி வட்டில் "சிஆர்சி எரர்" என்று வரும். அப்போது வரும் எரிச்சல் அந்தக் காலத்து ஆட்களுக்கு மட்டும்தான் தெரியும்.

என் கதையும் அங்கேதான் முட்டிக்கொண்டது. "கூல் 1/2" சுத்தமாக இருந்தது. "கூல் 2/2"இன் தகரக் கதவைத் தள்ளிப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. நம்ம ஊர்க் காற்றின் ஈரம். முப்பது வருஷம் பரணில் இருந்தால் படியத்தான் செய்யும். இப்படிப்பட்ட வட்டை நேராக டிரைவில் போடக்கூடாது. கூட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் வட்டத் தகட்டை மட்டும் எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்துணியால் துடைத்து, காயவைத்து, வேறு கூட்டில் போட்டு, அப்புறம் படிக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தும், முதல் வட்டு நன்றாக வந்த உற்சாகத்தில் இரண்டாவதை அப்படியே சொருகிவிட்டேன். டிரைவ் கர்ரென்று ஒரு சத்தம் போட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் தகட்டில் வட்டமாக ஒரு கோடு. பூஞ்சைத் துணுக்கு ஹெட்டில் சிக்கி காந்தப் பூச்சைச் சுரண்டிவிட்டது. முப்பது வருஷம் பரண் செய்யாததை நான் மூன்று நொடியில் செய்துவிட்டேன்.

மீதியைப் பிடிக்க கிரீஸ்வீசல் என்ற சின்னப் போர்டு உதவியது. சாதாரண டிரைவ் கண்ட்ரோலர் வட்டிலிருந்து படித்ததைத் தானே பொருள்கொண்டு, இந்தா செக்டார் என்று கொடுக்கும். சந்தேகம் வந்தால் எரர் என்று கைவிரித்துவிடும். இந்தப் போர்டு அப்படி இல்லை. தகட்டில் காந்தத் திசை எந்தெந்த நேரத்தில் புரள்கிறது என்பதை மட்டும் அப்படியே பதிவு செய்யும். பொருள் கொள்வதைப் பிறகு நிதானமாக நாம் செய்துகொள்ளலாம், ஒரே தடத்தைப் பலமுறை படித்து ஒப்பிடலாம். ஓலைச்சுவடியைப் படியெடுப்பவர் புரியாத எழுத்தைத் திருத்தாமல் உள்ளது உள்ளபடி எழுதிவைப்பது போல. ஆனால் பூச்சே போன இடத்தில் எந்தப் போர்டு என்ன செய்யும்? நான்கு தடங்கள் போனது போனதுதான். ஏ01 துண்டு விரியவில்லை. அம்பத்தூருக்கு வந்தது எந்தக் கூல் ஸ்பாட், யார் உடைத்த காப்பி, வேறு யாராவது நடுவில் கை வைத்திருந்தார்களா என்பதெல்லாம் அந்தக் கோட்டோடு சேர்ந்து சுரண்டப்பட்டுவிட்டது.

விளையாட்டு அழிந்துவிட்டதா என்றால், இல்லை. இப்போதே நீங்கள் விளையாடலாம். 2002இல் தொடங்கிய டாஸ்பாக்ஸ் என்ற நிரல், பழைய டாஸ் மெஷினை நடித்துக் காட்டும். அதையே பிரவுசருக்குள் ஓடும்படி மாற்றி, 2015 ஜனவரியில் இன்டர்நெட் ஆர்கைவ் 2,300க்கும் மேற்பட்ட டாஸ் விளையாட்டுகளை ஒரே நேரத்தில் திறந்துவிட்டது. ஜேசன் ஸ்காட் என்ற ஆவணக்காரர் அதன் பின்னணியில் இருந்தவர். இறக்க வேண்டாம், நிறுவ வேண்டாம், சொடுக்கினால் ஓடும். அன்றைக்கு சென்டரில் ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டி, அதிலும் சார் வெளியே போகும் வரை காத்திருந்து விளையாடியவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அந்தத் திறப்பு முழுக்க ஒரு கண்ஜாடை ஏற்பாட்டில்தான் நிற்கிறது. உரிமையாளர் வந்து எடு என்றால் எடுத்துவிட வேண்டும். 2023இல் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஒரு கணக்கெடுத்தது. 2010க்கு முன் அங்கே வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் முறைப்படி கிடைப்பதில்லை. அதாவது வாங்க நினைத்தாலும் முடியாது. விளம்பர விளையாட்டுக்கு நிலைமை இன்னும் மோசம். சாதாரண விளையாட்டை மறுபடி வெளியிட ஒரு கையெழுத்து போதும். இதற்கு இரண்டு வேண்டும், விளையாட்டு வைத்திருப்பவருடையது, சின்னத்தை வைத்திருப்பவருடையது. முப்பது வருஷத்தில் இரண்டு பக்கமும் கம்பெனி கைமாறியிருக்கும். பழைய பொட்டுக்காகப் புது ஒப்பந்தம் போட எந்த வக்கீல் உட்காருவார்? ரொம்ப அபூர்வமாக ஒரு நல்லது நடந்தது. 1996இல் செக்ஸ் என்ற தானிய உணவுப் பெட்டிக்குள் இனாமாக வைத்துத் தந்த செக்ஸ் குவெஸ்ட் என்ற டாஸ் விளையாட்டை (டூம் விளையாட்டின் எஞ்சினில் செய்தது, சுடுவதற்குப் பதிலாக வில்லன்களை அவர்கள் ஊருக்கே திருப்பி அனுப்பும்) ரசிகர்கள் விடாமல் பேசிக்கொண்டே இருந்தார்கள். பிராண்டு அடுத்த வருஷமே ஜெனரல் மில்ஸ் கைக்குப் போய்விட்டது. அந்தக் கம்பெனி 2020இல் புதுப்பித்த பதிப்பை இலவசமாகவே வெளியிட்டது. பெட்டி விற்ற கம்பெனிக்கும் விளையாட்டு செய்தவர்களுக்கும் இருபது வருஷம் கழித்து ஒரே சமயத்தில் மனசு வந்தது அதிர்ஷ்டம்தான்.

பாதுகாப்பது ஒன்று, பகிர்வது வேறொன்று. இந்த வித்தியாசம் எனக்கு நன்றாகப் புரிந்தது டேவ் கதையில்தான். நம்ம ஊர் லேபுகளில் ஓடிய டேஞ்சரஸ் டேவ் ஞாபகம் இருக்கிறதா? ஜான் ரொமேரோ 1988இல் ஆப்பிள் கம்ப்யூட்டருக்காக, ஃப்ளாப்பியில் வரும் ஒரு பத்திரிகைக்கு எழுதியது. டாஸுக்கு சாஃப்ட்டிஸ்க் கம்பெனி வழியாக வந்தது. அதே ஆபீஸில் 1990 செப்டம்பரில் ஜான் கார்மாக் என்ற இளைஞர் சாதாரண பி.சி.யில் திரை வழுக்கிக்கொண்டு நகரும் தந்திரத்தைக் கண்டுபிடித்தார். அன்று ராத்திரியே அவரும் டாம் ஹாலும் மாரியோ 3இன் முதல் கட்டத்தை அச்சு அசலாக பி.சி.யில் வரைந்து, மாரியோ இருக்க வேண்டிய இடத்தில் டேவை நிறுத்தி, ரொமேரோவின் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். அதற்கு வைத்த பெயர் 'காப்புரிமை மீறலில் டேஞ்சரஸ் டேவ்'. பிறகு மாரியோவையே போட்டு ஒழுங்காக ஒரு மாதிரி செய்து, எங்களுக்கு வாய்ப்பு கொடுங்கள் என்று நின்டெண்டோவுக்கு அனுப்பினார்கள். நின்டெண்டோ வேண்டாம் என்றது. அதே நுட்பத்தில் அவர்கள் செய்த கமாண்டர் கீன் அந்த டிசம்பர் 14ஆம் தேதி வெளிவந்தது, முதல் பாகம் இலவசமாக, மற்ற பாகங்களுக்கு விளம்பரமாக.

நின்டெண்டோவுக்குப் போன அந்த மாதிரியும் ஒருவிதத்தில் விளம்பர விளையாட்டுதான், பார்க்க வேண்டியவர் ஒரே ஒருத்தர் என்பதைத் தவிர. ரொமேரோ 2015இல் அதன் வீடியோவை வெளியிட்டார். ஆனால் நிரல்? 2021இல் நியூயார்க் மாகாணத்து ராச்செஸ்டரில் இருக்கும் ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகத்துக்கு ஒரு ஃப்ளாப்பி வந்து சேர்ந்தது. படியெடுத்தார்கள், ஓட்டிப் பார்த்தார்கள், பத்திரப்படுத்தினார்கள். பகிரவில்லை. பகிரவும் முடியாது, உள்ளே இருப்பது மாரியோ. அருங்காட்சியகத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அம்பத்தூர்ப் பையனுக்கு அது இருந்தும் இல்லாத மாதிரி.

நேர் எதிரான கதை பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. அதை எழுதிய ஜோர்டன் மெக்னர் மூல நிரல் தொலைந்தே போனது என்று பல வருஷம் நினைத்திருந்தார். 2012இல் அவர் அப்பா வீட்டு அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டி ஃப்ளாப்பி கிடைத்தது. ஜேசன் ஸ்காட்டும் இன்னொரு நிபுணரும் வந்து உட்கார்ந்து படியெடுத்தார்கள். மெக்னர் அதை இணையத்தில் அப்படியே போட்டுவிட்டார். உரிமைக்காரரே கையில் வட்டோடு இருந்ததால் இது ஒரே நாளில் முடிந்தது.

நம் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கப் போனேன். வக்கீல் இல்லை நான், வாசித்ததைச் சொல்கிறேன். 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி கம்ப்யூட்டர் நிரல் ஓர் 'இலக்கியப் படைப்பு'. பொட்டு கேமும் பொன்னியின் செல்வனும் சட்டத்தின் கண்ணில் ஒரே அலமாரி. எழுதியவர் ஆயுளுக்குப் பிறகும் 60 வருஷம் உரிமை. 1994 திருத்தம் வந்த பிறகு, திருட்டுக் காப்பி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் ஓட்டினால் குறைந்தது ஏழு நாள் ஜெயில் என்று ஒரு பிரிவே இருக்கிறது. வியாபாரத்துக்காக இல்லையென்றால் அபராதத்தோடு விடலாம் என்று கோர்ட்டுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் செருப்புப் பெட்டிக்கு ஏழு நாள் கணக்குப் போட்டால் அந்தப் பெரியவர் நிலைமை என்ன ஆவது!

2012இல் சட்டத்தைத் திருத்தியபோது பாதுகாப்புக்கென்று ஒரு விலக்கு சேர்த்தார்கள். லாபநோக்கில்லாத பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்பதற்காக மின்வடிவில் சேமித்து வைத்துக்கொள்ளலாம். ஆகா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வரியில் நிபந்தனை: அந்தப் படைப்பின் டிஜிட்டல் அல்லாத பிரதி அந்த நூலகத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும். ஃப்ளாப்பியில் இருப்பது பிறந்ததிலிருந்தே டிஜிட்டல். அதற்கு டிஜிட்டல் அல்லாத பிரதி எங்கே போவது? காகிதத்தில் உள்ளது கிழிந்துபோகும் என்று பயந்து எழுதிய பிரிவு, காகிதத்தைவிட வேகமாக அழிகிற ஒன்றை வெளியே நிறுத்திவிட்டது. சட்டம் எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. ஃப்ளாப்பியை யாரும் அவர்கள் கண்ணில் காட்டியிருக்க மாட்டார்கள்.

புத்தகம் என்றால் 1954ஆம் வருஷச் சட்டப்படி ஒரு பிரதி எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போயே ஆக வேண்டும். பத்திரிகைக்கும் அப்படித்தான். சாஃப்ட்வேருக்கு அப்படி எதுவும் கிடையாது. இந்தியாவில் செய்து, இந்தியாவில் விற்று, இந்தியாவில் செத்துப்போன ஒரு நிரலின் பிரதி எங்காவது கட்டாயமாக இருந்தாக வேண்டும் என்று சொல்ல ஒரு சட்டமும் இல்லை. இத்தனைக்கும் இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. பாரதியின் உரிமையை 1949இல் அரசே வாங்கிப் பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கியது. அதன்பின் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையாகியிருக்கின்றன. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கி, பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக இணையத்தில் கொடுத்தபோது அந்த நாட்டுடைமை எவ்வளவு உதவியது என்பது வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். உரிமை தீராத ஒன்றைக் காசு கொடுத்துப் பொதுவாக்கலாம் என்ற யோசனை நமக்குப் புதிதில்லை. நிரலுக்கும் அதை நீட்டலாம் என்று யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்கப் பொட்டைப் பற்றி நான் ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பொட்டைப் பார்த்துக்கொள்ள உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. நம்முடையதற்குத்தான் இல்லை. 1998இல் கான்டெஸ்ட்ஸ்2வின், 1999இல் இந்தியாகேம்ஸ் என்று மும்பையில் கம்பெனிகள் தொடங்கி, சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் சினிமாவுக்கும் இணைய விளையாட்டுகள் செய்யும் தொழில் இங்கே ஓடியது. ஃப்ளாஷில் செய்த அந்த வகை விளையாட்டுகளை 2020 டிசம்பர் 31உடன் ஃப்ளாஷ் முடிவுக்கு வந்தபோது பிரவுசர்கள் கைகழுவிவிட்டன. ஃப்ளாஷ்பாயின்ட் என்ற தன்னார்வக் குழு உலகம் முழுக்கத் தேடிப் பல்லாயிரக்கணக்கில் காப்பாற்றியது. ஆனால் யாராவது முன்பே கண்டு எடுத்துக் கொடுத்திருந்தால்தானே அவர்களும் காப்பாற்ற முடியும். முருகதாஸ் இந்தியில் கஜினியை எடுத்தபோது, 2008இல், ஹைதராபாத் எஃப்.எக்ஸ். லேப்ஸ் அதற்கு ஒரு முப்பரிமாண பி.சி. விளையாட்டே செய்தது. ஞாபகம் இழக்கிற ஆளைப் பற்றிய படம். அதன் விளையாட்டு சி.டி. இன்று உங்களில் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது?

செருப்புப் பெட்டிக்கு வருகிறேன். 41இல் 33 முழுசாக வந்தன. ஐந்து அரைகுறை. மூன்றில் ஒன்றுமே இல்லை, வெறும் தகடு. கூல் ஸ்பாட்டை நான் எங்கும் ஏற்றவில்லை, அரைகுறையை ஏற்றி என்ன பயன். ஏற்கெனவே நூறு இடத்தில் இருக்கும் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவையும் ஏற்றவில்லை. ஆனால் "யாரும் தொடக்கூடாது" வட்டில் விளையாட்டோடு கூட இருந்த ஒரு சின்னக் கோப்பைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். பிரின்ஸ்.ஹெச்ஓஎஃப். இளவரசியை மீட்டவர்களின் பெயரும், அறுபது நிமிஷத்தில் மிச்சம் இருந்த நேரமும் அதில் பதியும். ஆறு பேருக்குத்தான் இடம். ஹார்ட் டிஸ்க்கில் கேம் போடக்கூடாது என்று சென்டரில் கட்டளை இருந்ததால் எல்லாரும் ஃப்ளாப்பியிலிருந்தே ஓட்டியிருக்கிறார்கள், அதனால்தான் அது அந்த வட்டிலேயே தங்கியது.

ஆறு இடமும் நிரம்பியிருக்கிறது. உலகத்தில் வேறு எந்தக் காப்பியிலும் இல்லாத ஆறு பெயர்கள். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை, அவர்கள் இப்போது ஐம்பதை நெருங்கும் மனிதர்கள். முதல் இடத்தில் இருப்பவருக்கு 54 நிமிஷம் மிச்சம். ஆறே நிமிஷத்தில் அந்தக் கோட்டையை யாரும் தாண்ட முடியாது, "பிரின்ஸ் மெகாஹிட்" என்று தட்டி உள்ளே போய், ஷிப்டையும் எல்லையும் அமுக்கி அமுக்கிக் கட்டம் தாண்டியிருக்கிறார். கடைசி இடத்தில் இருப்பவருக்கு ஒரே ஒரு நிமிஷம் மிச்சம். அவர்தான் உண்மையில் விளையாடியிருக்கிறார்.

என்றைக்கு முடித்தார்கள் என்று கோப்பின் தேதியைப் பார்த்தேன். 1980 ஜனவரி 1. அந்த விளையாட்டே 1989இல்தான் பிறந்தது. பெரியவருக்கு போன் போட்டுக் கேட்டேன். சிரித்தார். "அந்த மெஷின்ல பேட்டரி செத்துப்போச்சுப்பா. தினம் காலைல ஆன் பண்ணா செட்டப் கேக்கும். ட்ரைவ் என்னன்னு மட்டும் போட்டுட்டு வந்துடுவேன். தேதியெல்லாம் யாரு போடுறது?"